கூப்பிட்டது ஒருவரை, திரும்பியது வேறொருவர்: ஓர் ஆன்டிபாடி செய்த குழப்பம்

டயாலிசிஸ் செய்துகொள்பவர் இருக்கும் வீடுகளுக்கு அந்த ஊசியைத் தெரியும். ஃப்ரிட்ஜுக்குள் மற்ற சாமான்கள் படாமல் தனியாக வைத்திருப்பார்கள். ‘ரத்தம் ஊறுவதற்கான ஊசி’ என்பார்கள். மருந்துச் சீட்டில் எரித்ரோபாய்டின் என்று இருக்கும். சுருக்கமாக இ.பி.ஓ.

சைக்கிள் பந்தயம் பார்ப்பவர்களுக்கும் இந்தப் பெயர் தெரியும். லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் 2013-ல் தொலைக்காட்சியில் ஒப்புக்கொண்ட ஊக்கமருந்துகளில் இதுவும் ஒன்று.

சிறுநீரக நோயாளிகளுக்கு வரப்பிரசாதமான இந்த மருந்து, புற்றுநோயாளிகளுக்கும் தாராளமாகப் போடப்பட்டது. கீமோதெரபியால் ரத்தம் குறைந்து சோர்ந்து போகிறவர்களுக்கு இது தெம்பு கொடுக்கும், அடிக்கடி ரத்தம் ஏற்ற வேண்டிய அவசியமும் குறையும். நல்ல விஷயம்தானே? ஆனால் 2003-ம் ஆண்டு வந்த இரண்டு ஆய்வுகள் மருத்துவர்களைத் தூக்கிவாரிப் போட்டன. ஊசி போட்டுக்கொண்ட புற்றுநோயாளிகள், போடாதவர்களைவிட மோசமாக இருந்தார்கள்.

ஏன்? ஒருவேளை இந்த மருந்து ரத்தத்தோடு சேர்த்துப் புற்றுநோய்க் கட்டியையும் வளர்க்கிறதா? இதற்கு விடை தேடிய ஆய்வுகளில் பல, ஒரு சின்னக் குப்பியில் இருந்த திரவத்தை நம்பின. அதன் பெயர் சி-20. அது ஓர் ஆன்டிபாடி. நம் கதையின் வில்லன் என்று சொல்ல முடியாது. தப்பான ஆளை அடையாளம் காட்டிய அப்பாவி சாட்சி என்று வேண்டுமானால் சொல்லலாம்.

2,550 லிட்டர் சிறுநீர்

முதலில் இ.பி.ஓ. யார் என்று பார்த்துவிடுவோம். அது ஒரு ஹார்மோன். உடலில் ஆக்சிஜன் குறைந்தால் சிறுநீரகம் அதைச் சுரந்து ரத்தத்தில் அனுப்பும். அது எலும்பு மஜ்ஜைக்குப் போய், சிவப்பணுவாக மாறக் காத்திருக்கும் இளம் செல்களிடம் ‘சாகாதே, பெருகு’ என்று சொல்லும். சிறுநீரகம் பழுதானால் இந்தச் செய்தியை அனுப்ப ஆளில்லை. அதனால்தான் சிறுநீரக நோயாளிகளுக்கு ரத்தசோகை வருகிறது.

இப்படி ஒரு பொருள் இருக்க வேண்டும் என்று 1906-லேயே பிரான்சில் ஊகித்துவிட்டார்கள். ஆனால் கையில் பிடிக்க முடியவில்லை. அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகத்தில் யூஜின் கோல்ட்வாசர் என்ற உயிர்வேதியியலாளர் 1950-களில் தேடத் தொடங்கியவர், இருபது வருடங்களுக்கு மேல் விடாமல் தேடினார். ரத்தத்தில் அது இருக்கும் அளவு அவ்வளவு சொற்பம்.

கடைசியில் ஜப்பானிலிருந்து உதவி வந்தது. டகாஜி மியாகே என்ற ஆய்வாளர், மஜ்ஜை செயலிழந்து கடுமையான ரத்தசோகையில் இருந்த நோயாளிகளின் சிறுநீரைச் சேகரித்தார். அவர்கள் உடல் ‘ரத்தம் வேண்டும், ரத்தம் வேண்டும்’ என்று கதறிக்கொண்டே இருப்பதால், இ.பி.ஓ. அளவுக்கு அதிகமாகச் சுரந்து சிறுநீரில் வழியும். மொத்தம் 2,550 லிட்டர்! அதை வற்றவைத்து, காய்ந்த பொடியாக்கி, ஜப்பானிய வழக்கப்படி பட்டுத் துணியில் மூட்டையாகக் கட்டிக்கொண்டு சிகாகோவுக்கு வந்தார். அதிலிருந்து 1977-ல் தூய்மையான இ.பி.ஓ. கிடைத்தது. எவ்வளவு தெரியுமா? சுமார் 8 மில்லிகிராம்.

அந்தத் துளியை வைத்துத்தான் ஆம்ஜென் என்ற அமெரிக்க நிறுவனம் மனித இ.பி.ஓ. மரபணுவைக் கண்டுபிடித்தது. 1989-ல் மருந்து சந்தைக்கு வந்தது. உலகில் அதிகம் விற்ற உயிரித் தொழில்நுட்ப மருந்துகளில் ஒன்றானது.

அதே 1989-ல் இன்னொன்றும் நடந்தது. இ.பி.ஓ. வந்து அமரும் இடத்தை விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். செல்லின் மேற்பரப்பில் இருக்கும் ஒரு புரதம் அது. ஏற்பி என்கிறது பாடப்புத்தகம். வீட்டு வாசலில் இருக்கும் காலிங் பெல் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியே இ.பி.ஓ. வந்து பெல்லை அழுத்தினால், உள்பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும் ஜாக்2 என்ற புரதம் விழித்துக்கொள்ளும். அது ஸ்டாட்5 என்ற இன்னொரு புரதத்தைத் தட்டி எழுப்பும். அது செல்லின் மையத்துக்கு ஓடிப்போய் மரபணுக்களை முடுக்கிவிடும். செல்களுக்குள் சிக்னல் பயணிப்பது இப்படித்தான். பெல் இல்லாத செல்லுக்கு இ.பி.ஓ. வந்ததே தெரியாது.

ஆக, புற்றுநோய்க் கட்டியை இ.பி.ஓ. வளர்க்கிறதா என்ற பெரிய கேள்வி, கட்டியின் செல்களில் அந்தக் காலிங் பெல் இருக்கிறதா என்ற சிறிய கேள்வியாகச் சுருங்கியது. பார்த்துச் சொல்லிவிடலாமே!

பார்ப்பது எப்படி என்பதில்தான் சிக்கல்.

முயல் கொடுத்த சாட்சி

ஒரு செல்லில் ஆயிரக்கணக்கான வகைப் புரதங்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. அதில் குறிப்பிட்ட ஒன்றை மட்டும் தேட, விஞ்ஞானிகள் உடலின் சொந்தக் காவல்துறையைக் கடன் வாங்கினார்கள். அதுதான் ஆன்டிபாடி. பள்ளிப் பாடத்தில் எதிர்ப்பொருள் என்று படித்திருப்போம். கிருமி நுழைந்தால் அதை மட்டும் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும் புரதம்.

நமக்கு வேண்டிய புரதத்தின் ஒரு சிறு துண்டை முயலுக்கு ஊசி மூலம் செலுத்தினால், முயலின் உடல் அதை அந்நியன் என்று நினைத்து ஆன்டிபாடி தயாரிக்கும். முயலின் ரத்தத்திலிருந்து அதைப் பிரித்தெடுத்துக் குப்பியில் அடைத்தால் தேடும் கருவி தயார். அதனுடன் நிறம் தரும் ஒரு பொருளைச் சேர்த்துவிட்டால், தேடிய புரதம் இருக்கும் இடம் மைக்ராஸ்கோப்பில் பழுப்பு நிறமாகத் தெரியும். இப்படிப் பல லட்சம் ஆன்டிபாடிகள் இன்று கேட்டலாக் பார்த்து ஆர்டர் செய்து வாங்கக் கிடைக்கின்றன. நம் வீட்டுக் கர்ப்பப் பரிசோதனைப் பட்டையும், கொரோனா காலத்தில் மூக்கில் குச்சி விட்டுப் பார்த்த கிட்டும் ஆன்டிபாடியால் வேலை செய்பவைதான்.

சி-20, இ.பி.ஓ. ஏற்பியின் வால் பகுதியிலிருந்து ஒரு சிறு துண்டைக் கொண்டு தயாரான ஆன்டிபாடி. பெயரில் உள்ள ‘சி’ அந்த வால் முனையைத்தான் குறிக்கிறது. குப்பியின் லேபிளில் ‘இ.பி.ஓ. ஏற்பிக்கான ஆன்டிபாடி’ என்று இருந்தது. உலகெங்கும் ஆய்வுக்கூடங்கள் வாங்கின. 2001 தொடங்கி மார்பகப் புற்றுநோய், தலை-கழுத்துப் புற்றுநோய் என்று ஒவ்வொன்றாக, ‘கட்டிகளில் இ.பி.ஓ. ஏற்பி இருக்கிறது’ என்று கட்டுரைகள் வரத் தொடங்கின. அவற்றில் பலவற்றில் சாட்சி சி-20.

கோயம்பேடு பஸ் நிலையத்தில் நின்று ‘குமார்!’ என்று சத்தமாகக் கூப்பிட்டுப் பாருங்கள். குறைந்தது நாலு பேர் திரும்புவார்கள். ஆன்டிபாடியின் நிலைமையும் அதுதான். அது புரதத்தை முழுசாகப் பார்ப்பதில்லை. ஒரு சிறு துண்டை மட்டுமே பார்க்கிறது. அதே போன்ற துண்டு வேறொரு புரதத்திலும் இருந்தால் அதையும் போய்க் கட்டிக்கொள்ளும். மைக்ராஸ்கோப்பில் இரண்டுக்கும் ஒரே பழுப்புதான். எந்தக் குமார் திரும்பினார் என்று நிறத்தை வைத்துச் சொல்ல முடியாது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. வெஸ்டர்ன் ப்ளாட் என்ற சோதனை. (பெயரைப் பார்த்து மேற்கு நாட்டு விஷயம் என்று நினைக்க வேண்டாம். டி.என்.ஏ-வுக்கான இதுபோன்ற சோதனையைக் கண்டுபிடித்தவர் பெயர் எட்வின் சதர்ன். அதனால் அது சதர்ன் ப்ளாட். பின்னால் வந்தவர்கள் விளையாட்டாக நார்தர்ன், வெஸ்டர்ன் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.) செல்லை உடைத்து, உள்ளே இருக்கும் புரதங்களை எடைவாரியாக ஒரு ஜெல்லில் வரிசைப்படுத்தி, அதற்குப் பிறகு ஆன்டிபாடியை விடுவார்கள். அது எந்த எடையில் போய் ஒட்டுகிறது என்று பார்க்கலாம். இ.பி.ஓ. ஏற்பியின் எடை சுமார் 56, 57 கிலோடால்டன் இருக்க வேண்டும் என்று கணக்கு சொன்னது. வந்த கட்டுரைகளில் கோடு விழுந்ததோ 66-லும் அதற்கு மேலும்.

பத்து கிலோடால்டன் வித்தியாசம். புரதங்களின் மீது சர்க்கரை போன்றவை ஒட்டினால் எடை கூடும் என்று ஒரு சமாதானம் எப்போதும் கைவசம் இருக்கும். அதனால் பலரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மார்ச்சில் ஒன்று, அக்டோபரில் ஒன்று

இதற்கிடையில் நோயாளிகளிடம் நடந்த ஆய்வுகளைப் பார்த்துவிட வேண்டும். ஏனென்றால் இது வெறும் ஆய்வுக்கூடச் சண்டை இல்லை.

2003-ல் ஜெர்மனியின் மைக்கேல் ஹென்கே தலைமையிலான குழு ‘லான்செட்’ இதழில் ஒரு முடிவை வெளியிட்டது. தலை-கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு சிகிச்சை பெற்ற 351 பேர். பாதிப் பேருக்கு இ.பி.ஓ., பாதிப் பேருக்கு மருந்தில்லா வெற்று ஊசி. மருந்து பெற்றவர்களுக்கு ஹீமோகுளோபின் ஜம்மென்று ஏறியது. ஆனால் கட்டி கட்டுப்பட்டிருந்த காலம் அவர்களுக்குத்தான் குறைவு. அதே ஆண்டு, பரவிய மார்பகப் புற்றுநோய் கொண்ட 939 பெண்களிடம் நடந்த இன்னொரு ஆய்வு அவசரமாக நிறுத்தப்பட்டது. ஒரு வருட முடிவில் வெற்று ஊசி பெற்றவர்களில் 76 சதவீதம் பேரும், இ.பி.ஓ. பெற்றவர்களில் 70 சதவீதம் பேரும் உயிரோடு இருந்தார்கள். ஆறு சதவீதம் என்பது எண்ணாகப் பார்த்தால் சின்னதுதான். நூறு குடும்பங்களில் ஆறு குடும்பங்கள் என்று நினைத்துப் பார்த்தால் அப்படி இல்லை.

ஹென்கே அடுத்த கட்டமாக, தன் ஆய்வில் இருந்தவர்களில் 154 பேரின் கட்டித் துணுக்குகளை எடுத்து சி-20 கொண்டு சோதித்தார். 104 பேரின் கட்டிகளில் பழுப்பு நிறம் தெரிந்தது. ஆச்சரியம் என்னவென்றால், இ.பி.ஓ. ஊசி கெடுதல் செய்தது அந்த 104 பேர் கொண்ட பிரிவில்தான். நிறம் தெரியாதவர்களிடம் ஊசி போட்டவருக்கும் போடாதவருக்கும் வித்தியாசமே இல்லை. கச்சிதமான விடை! கட்டியில் காலிங் பெல் இருந்தால் மருந்து அதை அழுத்துகிறது, கட்டி வளர்கிறது. 2006 அக்டோபரில் இந்தக் கட்டுரை வந்தது. ஹென்கே கவனமானவர். கட்டுரையின் தலைப்பையே கேள்விக்குறியோடுதான் முடித்திருந்தார்.

ஆனால் அதே 2006-ல், மார்ச் மாதமே இன்னொரு கட்டுரை ‘ப்ளட்’ என்ற ரத்தவியல் இதழில் வந்துவிட்டது. ஸ்டீவ் எலியட் என்பவரின் குழு எழுதியது. அவர்கள் செய்தது எளிமையான வேலை. 66-ல் விழும் அந்தக் கோட்டை ஜெல்லிலிருந்து வெட்டி எடுத்து, அதில் இருக்கும் புரதம் உண்மையில் எது என்று எழுத்துக்கூட்டிப் படித்தார்கள்.

அது இ.பி.ஓ. ஏற்பி இல்லை. ஹெச்.எஸ்.பி.70 என்ற வேறு புரதம்!

வெப்ப அதிர்ச்சிப் புரதம் என்று அதற்குப் பெயர். செல்லுக்குச் சூடு, காயம், பட்டினி என்று ஏதாவது கஷ்டம் வந்தால் மற்ற புரதங்கள் உருக்குலையாமல் தாங்கிப் பிடிக்கும் உதவியாள். புற்றுநோய்க் கட்டிக்குள் எப்போதும் நெருக்கடிதான் என்பதால், பல கட்டிகளில் இது அதிகமாகவே இருக்கும். இ.பி.ஓ. ஏற்பியின் வாலில் இருக்கும் துண்டைப் போலவே இதிலும் ஒரு துண்டு உண்டு. சி-20 கூப்பிட்டதும் திரும்பியது இந்தக் குமார்தான். புற்றுநோய் செல்களில் சி-20 மொத்தம் மூன்று வெவ்வேறு புரதங்களைப் போய்ப் பிடித்ததாக எலியட் குழு எழுதியது. சந்தையில் இருந்த மற்ற சில இ.பி.ஓ. ஏற்பி ஆன்டிபாடிகளையும் சோதித்தார்கள். அவையும் வேறு புரதங்களைப் பிடித்தன.

இங்கே வாசகர்களுக்கு ஒரு சந்தேகம் வர வேண்டும். எலியட் வேலை பார்த்தது எங்கே? ஆம்ஜென் நிறுவனத்தில். ஆம், இ.பி.ஓ. ஊசியை விற்கும் அதே ஆம்ஜென். ‘கட்டியில் ஏற்பி இருப்பதாகச் சொல்லும் ஆதாரம் செல்லாது’ என்று நிரூபிப்பதில் அந்த நிறுவனத்துக்கு லாபம் உண்டு. அந்தச் சந்தேகம் நியாயமானது. அப்போதும் பலர் அதைக் கேட்டார்கள். ஆனால் ஜெல்லில் விழுந்த கோட்டுக்குக் கம்பெனி தெரியாது. எந்த ஆய்வுக்கூடமும் அதே சோதனையைத் திரும்பச் செய்து பார்க்கலாம். பிறகு வேறு ஆய்வுக்கூடங்களும் சி-20 பற்றி இதே கேள்வியை எழுப்பின. லாபம் இருப்பவர் சொல்வதெல்லாம் பொய் என்று ஒதுக்கியிருந்தால் இந்த உண்மை தெரியாமலே போயிருக்கும்.

அப்படியானால் ஊசி பாதுகாப்பானது என்று ஆகிவிட்டதா? இல்லவே இல்லை. இங்கேதான் பலரும் குழம்பினார்கள். சாட்சி பொய்த்துப் போனதால், நடந்த சம்பவமே நடக்கவில்லை என்று ஆகிவிடாது. நோயாளிகளிடம் கண்ட பாதிப்பு ஆன்டிபாடியை நம்பி வந்ததில்லை. ஆட்களை எண்ணி வந்தது. 2007 மார்ச்சில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., இ.பி.ஓ. பெட்டியில் கறுப்புக் கட்டம் போட்ட எச்சரிக்கையை அச்சிட வைத்தது. குணப்படுத்தும் நோக்கத்தில் கீமோ பெறும் புற்றுநோயாளிகளுக்கு இதைக் கொடுக்க வேண்டாம் என்று அடுத்த ஆண்டு சொன்னது. 53 ஆய்வுகள், 13,933 புற்றுநோயாளிகள் என்று எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த ஓர் அலசல் 2009-ல் ‘லான்செட்’டில் வந்தது. ஆய்வுக் காலத்தில் இறக்கும் அபாயம் இ.பி.ஓ. வகை மருந்து பெற்றவர்களுக்கு 17 சதவீதம் கூடுதல் என்றது அது.

காரணம் என்ன என்பதில்தான் தகராறு. ரத்தம் உறைந்து கட்டியாகி நாளங்களை அடைப்பது ஒரு காரணம் என்பதில் சந்தேகமில்லை. கட்டியையே மருந்து தூண்டுகிறதா என்பதில் இரு தரப்பு உண்டு. ஆம்ஜென் குழு பிறகு துல்லியமான புது ஆன்டிபாடி ஒன்றை உருவாக்கித் தேடி, புற்றுநோய் செல்களில் ஏற்பி மிகக் குறைவு, பெரும்பாலும் இல்லை என்றது. சிலர் இதை ஏற்கவில்லை. எப்படியோ, சி-20 கொண்டு எழுதப்பட்ட பக்கம் பக்கமான கட்டுரைகள் இந்த விவாதத்தில் யாருக்கும் உதவாமல் போயின. நோயாளிகள் நம்பிக் கொடுத்த கட்டித் துணுக்குகளும் அதில் அடக்கம். அதுதான் வருத்தம்.

(டயாலிசிஸ் நோயாளிகள் இதைப் படித்துவிட்டு ஊசியை நிறுத்திவிட வேண்டாம். அவர்களுக்கு இந்த மருந்து இன்றும் அவசியம். ஹீமோகுளோபினை அளவுக்கு மீறி ஏற்றாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். அந்த அளவை உங்கள் சிறுநீரக மருத்துவர் முடிவு செய்வார்.)

குமாரை ஊருக்கு அனுப்பிவிட்டுக் கூப்பிடுங்கள்

கொரோனா கிட்டில் ‘சி’ என்று ஒரு கோடு இருந்தது ஞாபகம் இருக்கிறதா? ‘டி’ கோடு தெரிந்தால் நோய் உண்டு. ஆனால் ‘சி’ கோடு தெரியவில்லை என்றால் கிட்டையே தூக்கிப்போட வேண்டும், சோதனை செல்லாது. எந்தச் சோதனைக்கும் இப்படி ஒரு காவல் கோடு வேண்டும். ஆய்வுக்கூடத்துக்கு வாங்கும் ஆன்டிபாடிக் குப்பிகளில் அப்படி எதுவும் கிடையாது. லேபிளை நம்ப வேண்டியதுதான்.

ஆனால் ஒரு நல்ல வழி இருக்கிறது. குமாரை ஊருக்கு அனுப்பிவிட்டு, அதே இடத்தில் ‘குமார்!’ என்று கூப்பிட்டுப் பார்ப்பது. யாரும் திரும்பவில்லை என்றால் நம் கூப்பாடு சரி. அப்போதும் ஒருவர் திரும்பினால், இவ்வளவு நாளும் நாம் பேசிக்கொண்டிருந்தது வேறொருவரிடம்! செல்லிலும் இதைச் செய்யலாம். கிரிஸ்பர் என்ற மரபணுக் கத்தரிக்கோலால் குறிப்பிட்ட புரதத்தின் மரபணுவை வெட்டிவிட்டால் அந்தப் புரதம் செல்லில் இருக்காது. அந்தச் செல்லில் ஆன்டிபாடியை விட்டால் எதுவும் தெரியக் கூடாது. சி-20 பிரபலமாக இருந்த காலத்தில் இந்தக் கத்தரிக்கோல் இல்லை. இன்று இருக்கிறது.

கனடாவின் மான்ட்ரியால் நகரில் மெக்கில் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்டு ஒரு குழு இதையே முழுநேர வேலையாகச் செய்கிறது. இக்காரஸ் என்று குழுவுக்குப் பெயர். சூரியனுக்கு மிக அருகில் பறந்து இறகு உருகி விழுந்த கிரேக்கக் கதை இளைஞனின் பெயர். அவ்வளவு நம்பிக்கையோடு பறக்காதீர்கள் என்று சக விஞ்ஞானிகளுக்குச் சொல்வது போலத்தான் இருக்கிறது. ஆன்டிபாடி விற்கும் நிறுவனங்களே இவர்களுக்குக் குப்பிகளை இலவசமாகக் கொடுக்கின்றன. முடிவு எப்படி வந்தாலும் எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுகிறார்கள்.

65 புரதங்களுக்கான 614 ஆன்டிபாடிகளைச் சோதித்து 2023-ல் இவர்கள் தந்த முடிவு: பாதிக்கு மேற்பட்டவை ஏதாவது ஒரு சோதனையிலாவது தோற்றன. தோற்றவை ஏராளமான ஆய்வுக் கட்டுரைகளில் பயன்படுத்தப்பட்டவை. தோற்றவற்றில் சுமார் 20 சதவீதத்தை நிறுவனங்கள் விற்பனையிலிருந்தே எடுத்துவிட்டன. சுமார் 40 சதவீதத்துக்கு, எதற்குப் பயன்படுத்தலாம் என்ற குறிப்பை மாற்றின. இது நல்ல செய்தி. பணக் கணக்கும் உண்டு. தரமில்லாத ஆன்டிபாடிகளால் உலகம் முழுக்க ஆண்டுக்குச் சுமார் 80 கோடி டாலர் வீணாகிறது என்று 2015-ல் நூற்றுக்கும் மேற்பட்ட விஞ்ஞானிகள் கையெழுத்திட்டு ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள்.

உங்கள் ரிப்போர்ட்டில் இருக்கும் மூன்று வரிகள்

ஆராய்ச்சிக்கூடத்தின் கதை இது. ஆஸ்பத்திரிக்கு இதில் என்ன சம்பந்தம்?

மார்பகப் புற்றுநோய் ரிப்போர்ட்டைக் கையில் வாங்கிய குடும்பங்களுக்கு மூன்று பெயர்கள் மனப்பாடமாகி இருக்கும். இ.ஆர்., பி.ஆர்., ஹெர்2. மூன்றும் செல்லுக்குச் சிக்னல் வாங்கித் தரும் புரதங்கள். முதல் இரண்டும் பெண் ஹார்மோன்களின் செய்தியை வாங்குபவை. மூன்றாவது வளர்ச்சிச் செய்தியை வாங்குவது. மூன்றையும் பார்ப்பது ஆன்டிபாடி கொண்டுதான். இ.ஆர். இருந்தால் டாமாக்சிஃபென் போன்ற மாத்திரை பலன் தரும். ஹெர்2 அதிகம் இருந்தால் டிராஸ்டுசுமாப் என்ற ஊசி மருந்து. இந்த மருந்துக்கும், யாருக்குக் கொடுக்கலாம் என்று கண்டுபிடிக்கும் ஆன்டிபாடிச் சோதனைக்கும் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது ஒரே நாளில், 1998 செப்டம்பர் 25. சோதனை இல்லாமல் மருந்து இல்லை என்ற நிலை.

ஆஸ்பத்திரியில் பயன்படும் இந்த ஆன்டிபாடிகள் சி-20 போல இல்லை. கடுமையாகச் சோதிக்கப்பட்டு அனுமதி பெற்றவை. ஹெர்2 முடிவு ‘2+’ என்று இரண்டும் கெட்டானாக வந்தால் ஆன்டிபாடியை மட்டும் நம்பாமல், ஃபிஷ் என்ற மரபணுச் சோதனைக்கு அனுப்புவதே முறை. ரிப்போர்ட்டில் ‘2+’ பார்த்தால் ஃபிஷ் செய்தாயிற்றா என்று மருத்துவரிடம் தாராளமாகக் கேட்கலாம்.

ஆனால் நல்ல ஆன்டிபாடியும் கவனமில்லாத கைகளில் பொய் சொல்லும். கனடாவின் நியூஃபவுண்ட்லேண்ட் மாகாணத்தில் அது நடந்தது. அறுவை சிகிச்சையில் எடுத்த சதையைப் பதப்படுத்தி, மெழுகில் புதைத்து, மெல்லிசாகச் சீவி, சூடுபடுத்தி, பிறகுதான் ஆன்டிபாடியை விடுவார்கள். இடையில் எந்தப் படியில் பிசகினாலும் இருக்கும் புரதம் இல்லாதது போலத் தெரியும். 1997 முதல் 2005 வரை செயின்ட் ஜான்ஸ் நகரின் ஆய்வகத்தில் செய்த ஹார்மோன் ஏற்பிச் சோதனைகளில் இப்படித்தான் ஆனது. ‘ஏற்பி இல்லை’ என்று ரிப்போர்ட் போன ஒரு நோயாளிக்கு 2005-ல் மறுபடி சோதித்தபோது, ‘இருக்கிறது’ என்று வந்தது. சந்தேகப்பட்டுப் பழையவற்றைத் தோண்டினார்கள். கடைசியில் குறைந்தது 386 பேருக்கு முடிவு தவறு என்று தெரியவந்தது. கிடைத்திருக்க வேண்டிய மாத்திரை கிடைக்காமல் போனவர்கள் அவர்களில் இருந்தார்கள். மறுசோதனை முடிவு வந்தபோது பலர் உயிரோடு இல்லை.

நீதிபதி மார்கரெட் கேமரன் தலைமையில் விசாரணை நடந்து 2009-ல் அறிக்கை வந்தது. குப்பியில் இருந்த ஆன்டிபாடியைவிட, செய்முறையிலும் தரக்கட்டுப்பாட்டிலும் இருந்த ஓட்டைகளையே அது எடுத்துக்காட்டியது. மார்பகத்தின் சாதாரண செல்களிலும் ஹார்மோன் ஏற்பி உண்டு. கட்டியோடு சேர்ந்து சீவலில் வரும் அந்த நல்ல செல்களிலும் நிறம் தெரியவில்லை என்றால், சோதனையே சரியில்லை என்று அர்த்தம். கொரோனா கிட்டின் ‘சி’ கோடு மாதிரி இயற்கையே போட்டுக் கொடுத்த கோடு அது. பார்க்கத் தெரிந்தவர்களுக்கு எச்சரிக்கை ஸ்லைடிலேயே இருக்கும்.

நம் ஊர் குடும்பங்கள் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டிய ஒரு நடைமுறை விஷயம் இதில் உண்டு. பயாப்ஸி அல்லது ஆபரேஷனில் எடுத்த சதையை மெழுகுக் கட்டியாக ஆய்வகத்தில் பாதுகாத்து வைத்திருப்பார்கள். ‘பாரஃபின் ப்ளாக்’ என்று கேட்க வேண்டும். அறைச் சூட்டிலேயே வருடக்கணக்கில் கெடாது. ரிப்போர்ட்டில் சந்தேகம் இருந்தாலோ, வேறு மருத்துவமனைக்கு மாறினாலோ அந்த ப்ளாக்கை வாங்கிப்போய் வேறொரு ஆய்வகத்தில் மறுபடி சோதிக்கலாம். இன்னொரு முறை கத்தி வைக்க வேண்டியதில்லை. நியூஃபவுண்ட்லேண்டில் அந்தத் தவறுகள் வெளியே வந்ததும் இதனால்தான். ஆயிரம் பேருக்கு மேற்பட்டவர்களின் பழைய மெழுகுக் கட்டிகள் அலமாரியில் பத்திரமாக இருந்தன. அவற்றை டொரான்டோவின் மவுன்ட் சினாய் மருத்துவமனைக்கு அனுப்பி, அங்கே புதிதாகச் சீவி, மறுபடி ஆன்டிபாடியை விட்டுப் பார்த்தார்கள்.